ஒரு தட்டு ஒதுக்குங்கள், அண்ணாச்சி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார்களில் இரும்புக்கடையும் ஹார்டுவேர் கடையும் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், இப்போது கல்லாவில் உட்காரத் தொடங்கியிருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்,



நான் மரவேலை செய்கிறவன். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், பசை, உப்புத்தாள் என்று தொழிலுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் உங்களிடம்தான் வாங்குகிறேன். கையில் காசில்லாத நாளில் கடனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நிலை வைக்க நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதென்று விடியும் முன்பே ஷட்டரைத் தூக்கிச் சாமான் எடுத்துத் தந்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கடையில் இல்லாத பொருள் இல்லை. ஆனால் ஒரு தச்சன் நம்பி வாங்கக்கூடிய உளி இல்லை. பல் தீட்டி மறுபடி எடுக்கக்கூடிய ரம்பம் இல்லை. மர இழைப்புளிக்குத் தகடு கேட்டால், கடைப்பையன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு வருகிறான்.

இப்போது உளி என்று கேட்டால் வருவது அட்டையில் ஒட்டிய பளபளப்பான சாமான். பிளாஸ்டிக் பிடி, மேலே கண்ணாடித்தாள். எங்கிருந்து வருகிறது என்று அட்டையைப் படித்தாலும் தெரியாது. அதைக் கொண்டுபோய் வேங்கைச் சட்டத்தில் ஒரு துளை அடித்துப் பார்த்தால் தெரியும். பாதித் துளையிலேயே வாய் மடங்கிவிடும். வாய் மடங்காத ரகமாக இருந்தால் பொரிந்து போகும். திரும்பத் திரும்பச் சாணை பிடித்தே அந்த வேலையை முடிக்க வேண்டும். இதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மொத்த வியாபாரி கொண்டுவந்து இறக்குவதைத்தான் நீங்கள் அடுக்கி வைக்கிறீர்கள். வாங்குகிறவனும் விலையைத்தான் கேட்கிறானே தவிர வாயைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆனாலும் இது இப்படியே போக வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நல்ல கருவி செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் நீங்கள்.

கொல்லுப்பட்டறையைத்தான் சொல்கிறேன். திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் வாங்கியது எதனால்? அங்கே உலையில் உட்கார்ந்தவர்களுக்கு உருக்கின் பதம் தெரியும், அவ்வளவுதான். அதே பதம் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஏர்க்கொழு, கமலைச் சாமான், வண்டிப் பட்டா என்று ஊருக்கே வேலை செய்த பட்டறைகள் அவை. டிராக்டரும் பம்புசெட்டும் வந்த பிறகு மிஞ்சியது அரிவாள், மண்வெட்டி, கடப்பாரைக்கு முனை தட்டுவது, இவ்வளவுதான். உளி செய்யச் சொல்லி யாரும் போவதில்லை. போகாததால் அவர்களும் செய்து வைப்பதில்லை. செய்து வைக்காததால் இளவட்டத் தச்சனுக்கு அந்தப் பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது.

கொல்லர் உளி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டி உலையில் வைப்பார். நம் காட்டுக் கருவேலங்கரிதான் எரியும். துருத்தி இருந்த இடத்தில் இப்போது கரண்டில் ஓடும் ஊதி. துண்டு சிவந்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் பட்டடையில் வைத்து நீட்டுவார், அகலம் பிடிப்பார், தோளுக்கு இறக்கம் கொடுப்பார். இதெல்லாம் எந்தக் கொல்லரும் செய்வார். அவருடைய கெட்டிக்காரத்தனம் கடைசியில்தான் தெரியும். அரத்தால் வாயைச் சீராக்கி, மறுபடியும் சிவக்கக் காய்ச்சி, வாய்ப் பக்கத்தை மட்டும் தோய்ப்பார். அப்போது அது கண்ணாடி மாதிரி கடினமாகி இருக்கும். அப்படியே அடித்தால் பொரியும். உடனே ஒரு கல்லால் அந்த இடத்தைத் தேய்த்து வெள்ளி நிறம் தெரியச் செய்வார். தண்டில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி வரும். அந்த வெள்ளையில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். அதன் பின்னால் பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக வரும். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்த நொடியில் மறுபடி தோய்த்துவிட வேண்டும். அப்போது வாயின் சூடு ஏறக்குறைய 230 டிகிரி. நீலம் வரும்வரை விட்டால் 300-ஐத் தொட்டுவிடும். அந்த உளி ஸ்பிரிங்குக்கு ஆகும், மரத்துக்கு ஆகாது. மீட்டரும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. கண்தான் கணக்கு. அந்தக் கண் இருக்கிறவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாரிப் பட்டையில் ஒரு சிக்கல் உண்டு. வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டை அது. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் வெளியில் தெரியாது. எத்தனை திறமையான கொல்லராக இருந்தாலும் அந்த உளி ஒருநாள் தோளில் முறியும். இங்கேதான் உங்களுடைய முதல் உதவி வேண்டியிருக்கிறது. கொல்லர் தம் பட்டைக்கும் கம்பிக்கும் உங்கள் கடைக்குத்தான் வருகிறார். புது உருக்குப் பட்டை இரண்டு மூன்று அளவில் வாங்கி வையுங்கள். பேரிங் செய்யப் பயன்படும் இ.என்.31 ரகத்தில் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை சதவீதம். எண்ணெயில் தோய்க்க வேண்டும், வாய் நெடுநாள் நிற்கும். பட்டறைகளும் பம்புக் கம்பெனிகளும் நிறைந்த கோயம்புத்தூரில் இதெல்லாம் அன்றாடச் சரக்கு. உங்கள் லாரி அங்கே போய் வருகிறது. ஒரு கட்டு ஏற்றி வருவது பெரிய காரியம் இல்லை.

பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பேப்பரில் விலை போடுகிறார்கள். அது அத்தனையும் இந்தக் கரிசல் ஊரிலேயேவா விளைகிறது? விளைவிக்கிறவனையும் வாங்குகிறவனையும் சேர்த்து வைத்தே பேர் எடுத்த ஊர் இது. உங்கள் தாத்தாக்கள் மாட்டுவண்டி கட்டிப் போய்ச் செய்த வியாபாரம் அது. நான் கேட்பதும் அதே வியாபாரத்தைத்தான். கொல்லர் உங்கள் கடைக்கு வருகிறார், பட்டைக்கு. தச்சன் வருகிறான், ஆணிக்கு. ஒரே கல்லா முன்னால் வேறு வேறு நாளில் நிற்கும் இரண்டு பேரையும் தெரிந்த ஆள் நீங்கள் மட்டும்தான். கொல்லரிடம் கால் இஞ்சு, அரை இஞ்சு, முக்கால், ஒரு இஞ்சு என்று நாலு அளவில் ஒரு டஜன் உளி முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். துளை அடிக்கிற தடித்த உளி கொஞ்சம், வாய் வளைந்த உளி கொஞ்சம். தண்டில் அவருடைய அடையாளத்தைக் குத்தச் சொல்லுங்கள். கடையில் ஒரு தட்டு ஒதுக்கி, எந்த ஊர்ப் பட்டறை என்று எழுதி வையுங்கள். வாய் பொரிந்தால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள். வந்தால் கொல்லரிடம் காட்டுங்கள். அடுத்த தடவை தோய்ச்சல் சரியாகிவிடும். இன்றைக்கு அவர் செய்த கருவி எப்படி வேலை செய்தது என்று அவருக்குச் சொல்ல ஆளே இல்லை. அது இல்லாமல் எந்தத் தொழிலும் தேறாது.

ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் மிக்கி என்று ஒரு ஊர். உளி, ரம்பம், இழைப்புளித் தகடு இதற்கென்றே பேர் பெற்றது. அங்கே செய்கிற கருவியில் செய்தவர் முத்திரை இருக்கும். தச்சன் அந்த முத்திரையைச் சொல்லிக் கேட்டு வாங்குவான். கொல்லருக்கும் தச்சனுக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் வியாபாரிகள். வருஷா வருஷம் அந்த ஊரில் இரும்புச் சாமான் திருவிழாவே நடக்கிறது. அவர்களிடம் இருக்கிற கொல்லரும் நம்மிடம் இருக்கிறார், தச்சனும் இருக்கிறான், வியாபாரத்தில் உங்களை மிஞ்ச ஆளும் இல்லை. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். இரும்பை இத்தனை காலமாகக் காய்ச்சிய மண்ணில் தச்சன் அட்டை உளி வாங்கிப் போவது எனக்கு வலிக்கிறது.

ரம்பத்துக்கு வருகிறேன். இப்போது வருகிற கை ரம்பங்களில் பல் நுனி மட்டும் கருநீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தில் காய்ச்சிக் கடினமாக்கிய பல் அது. புதிதில் நன்றாக அறுக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். மழுங்கிய பிறகு அரம் வைத்தால் வழுக்கும், பல்லில் பிடிக்காது. தூக்கித்தான் போட வேண்டும். கட்டிடச் சென்ட்ரிங் வேலைக்கு அது போதும். நுணுக்க வேலைக்காரனுக்கு வேண்டியது அரம் பிடிக்கிற பல். முக்கோண அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு கொடுத்து, ஒன்றை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து விட்டால் ரம்பம் தானாக மரத்துக்குள் இறங்கும். நேர்வாக்கில் அறுக்க ஒரு பல், குறுக்கே அறுக்க இன்னொரு பல். அதை வேலைக்குத் தகுந்தபடி அவனே தீட்டிக்கொள்வான். அப்படித் தீட்டுகிற ரம்பத்தைப் பத்துக்கு இரண்டாவது வாங்கி வையுங்கள். கூடவே மெல்லிய முக்கோண அரம். உங்களிடம் இருப்பதெல்லாம் தடித்தது. சின்னப் பல்லுக்குள் அது இறங்காது. ஜலந்தரிலிருந்தும் நாகௌரிலிருந்தும் கைக்கருவிகள் தெற்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் பஜார் கேட்டால் நல்ல ரகத்தையும் அனுப்புவார்கள்.

தீட்டுக்கல்லும் இதே கதைதான். கடையில் இருப்பது சொரசொரப்புக் கல் மட்டும். உளியை அதில் தேய்த்து அப்படியே மரத்தில் வைக்கிறார்கள் பிள்ளைகள். மறுபக்கம் வழவழப்பாக இருக்கும் இரட்டைக் கல் வேண்டும். சாணைச் சாமான் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. கல்லுக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இன்னொன்றையும் வாங்குகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கரண்டுச் சாணையில் உளியை அழுத்திப் பிடித்து வாயில் நீலம் ஓடவிட்டால், கொல்லர் கொடுத்த பதம் அந்த நிமிஷமே போய்விடும். தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் கொட்டாப்புளிக்கும் நாம் எங்கேயும் போக வேண்டாம். புளியமர வைரம் கொட்டாப்புளிக்கு, கருவேலம் உளிப் பிடிக்கு. கரிமூட்டத்துக்கே போகிற சீமைக்கருவேலத்தில்கூடத் தடித்த கட்டையாகப் பார்த்து எடுத்துக் காயவைத்துக் கடைந்தால் அருமையான பிடி வரும். பிடியின் தலையில் ஒரு பூண் போட்டுவிட்டால் எத்தனை அடித்தாலும் பிளக்காது. கடைசல்காரரிடம் சொல்லிச் செய்து வையுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் என் மனசை அதிகம் அறுப்பது. தச்சர் ஒருவர் காலமானால், கொஞ்ச நாளில் அவருடைய கருவிப்பெட்டி பழைய இரும்புக்கடைத் தராசுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் அது இடத்தை அடைக்கிறது. இரும்புக்கு இரும்பு விலை. அதில் அவருடைய அப்பா காலத்து இழைப்புளி இருக்கும். இரும்பு உடம்பில் எஃகு வாயை உலையிலேயே ஒட்டவைத்துச் செய்த வாய்ச்சி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த ஷெஃபீல்டு தகடு இருக்கும். அதில் ‘கேஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை தெரிந்தால் அது மூசையில் உருக்கிய அசல் உருக்கு. எடைக்குப் போடக் கூடாத பொருள். மேலே துரு இருப்பதைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் துரு போய்விடும். வாய்ப் பக்கம் ஆழமாகக் குழி விழாமல் இருந்தால் போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் பீங்கானும் எனாமல் பாத்திரமும் குவிந்து கிடக்கின்றன. அந்த வீடுகளின் மரவேலையைச் செய்த கருவிகளும் அந்தக் குவியல்களில் கிடைப்பதுண்டு. வாங்குகிறவர்கள் ஹோட்டல் சுவரில் மாட்ட வாங்குகிறார்கள். சுவரில் மாட்டிய இழைப்புளி யாருக்கு என்ன இழைக்கும்? வேலைக்கு வேண்டியவன் கையில் அது சேர வேண்டும். பழைய கருவி வந்தால் உங்கள் பக்கத்துப் பழைய இரும்புக்கடைக்காரர் உங்களுக்கு ஒரு போன் போடட்டும். எடைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்கி, அதே தட்டில் வையுங்கள். அந்தக் குடும்பத்துக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும்.

இவ்வளவும் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிளைவுட்டும் கரண்டு மெஷினும் வந்த பிறகு உளிக்கு என்ன வேலை என்பீர்கள். என்னிடமும் மெஷின் இருக்கிறது. பலகை அறுக்கவும் இழைக்கவும் அதுதான். ஆனால் கழுந்து துளைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் கடைசி அரை நூலை உளிதான் எடுக்க வேண்டும். கீல் பதிக்க உளி. பழைய கதவைச் செப்பனிட உளி. செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கிற வேலைக்கு நல்ல ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் தேரைப் பாருங்கள். சக்கரம் இரும்பாகிவிட்டது, உடம்பெல்லாம் மரச் சிற்பம். தமிழ்நாடு முழுக்கத் தேர்கள் புதிதாகவும் செய்யப்படுகின்றன, பழுதும் பார்க்கப்படுகின்றன. இலுப்பையிலும் வேங்கையிலும் மெஷின் செதுக்குகிற யாளிக்கும் கடைசியில் உளிதான் முகம் கொடுக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சிக்கு 2021-இல். வேலை இருக்கிறது. கருவிதான் அலைந்து தேட வேண்டியதாக இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சந்தையும் இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். சிவகாசியைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது. உரசிப் பொறி பறந்தால் உயிர் போகும். மரம், பித்தளை, அலுமினியம் இவைதான் அங்கே கருவி. மருந்தைக் கெட்டிக்கும் கட்டை, சல்லடைச் சட்டம், திரி வெட்டும் பலகை, உலர்த்தும் தட்டு எல்லாம் மரத்தில் ஒழுங்காகச் செய்யப்பட வேண்டியவை. சிலாம்பு தெறித்த கட்டையும், ஆணி துருத்திக்கொண்டு நிற்கும் சட்டமும் அந்த அறைக்குள் போகக் கூடாது. ஆணியே இல்லாமல் கழுந்து போட்டு இணைக்கத் தெரிந்த தச்சன் செய்ய வேண்டிய வேலை அது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் குச்சி அடுக்கும் சட்டம் செய்தே பிழைத்த தச்சுக் குடும்பங்கள் சாத்தூர்ப் பக்கம் உண்டு. மெஷின் வந்ததும் அந்த வேலை சுருங்கியது. அவர்கள் கைக்குப் பட்டாசு ஆலையின் மரக்கருவி வேலை வரட்டும். ஆலைக்காரர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012-இல் நடந்த வெடிவிபத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு மரக்கட்டை ஒழுங்காக இருப்பது அங்கே அலங்காரத்துக்கு அல்ல.

காசு இல்லை என்ற பேச்சுக்கும் இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விவரத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். கடன் வாங்கி வருகிற தச்சன் உங்கள் கடைக்குத்தான் வருவான். அவனுக்கு எடுத்துக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் காசு முழுக்க அட்டை உளிக்கும் மட்டமான மெஷினுக்கும் போனால், கடன் முடிவதற்குள் கருவி குப்பைக்குப் போயிருக்கும்.

கடைப்பையன்களுக்கு ஒரு பத்து நிமிஷப் பாடம் சொல்லிக் கொடுத்தால்கூடப் போதும், பாதிக் குறை தீரும். உளியின் முதுகைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கட்டும், ஆடினால் வேண்டாம். வாய்ப்பக்கம் பழைய அரத்தை லேசாக இழுக்கட்டும். வழுக்கினால் தோய்ச்சல் இருக்கிறது, கடித்து இழுத்தால் வெறும் இரும்பு. தண்டும் பிடியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்க்கட்டும். மூலைமட்டத்தைப் பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து அதன் மேலேயே இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் அந்த மட்டம் சரி. இவ்வளவு தெரிந்த பையன் கொடுக்கும் கருவியைத் தச்சன் விலை பேசாமல் வாங்கிப் போவான்.

வருகிற ஆயுத பூசைக்குக் கடையைக் கழுவி, தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் வைப்பீர்கள். நாங்களும் உளியையும் இழைப்புளியையும் துடைத்து வைத்துக் கும்பிடுவோம். அதற்கு முன்னால் உங்களில் ஒருவராவது பக்கத்துக் கிராமத்துக் கொல்லுப்பட்டறைக்கு ஒரு தடவை போய் ஒரு டஜன் உளிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்தப் பட்டறை என்று தெரியாவிட்டால் என்னைப் போன்ற தச்சன் யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழி காட்டுகிறோம். வாங்கவும் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடை வாசலில் தினமும் நிற்கும் தச்சன் ஒருவன்,
ஸ்ரீவில்லிபுத்தூர்